படியேறும் படகு

லண்டனிலிருந்து லெக்லேடு என்ற சிற்றூருக்குக் காரில் போனால் இரண்டு மணி நேரம் ஆகும். அதே ஊருக்குத் தேம்ஸ் ஆற்றின் வழியாக மோட்டார் படகில் போனால் ஏறத்தாழ ஒரு வாரம். 1880 ஆகஸ்டில் எழுத்தாளரும் வடிவமைப்புக் கலைஞருமான வில்லியம் மாரிஸ் இந்தப் பயணத்தைச் செய்தார். லண்டன் ஹாமர்ஸ்மித்தில் ஒரு வீடு, லெக்லேடுக்கு அருகே கெல்ம்ஸ்காட்டில் ஒரு வீடு. குடும்பத்தையும் நண்பர்களையும் ஏற்றிக்கொண்டு ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் படகிலேயே போனார். அவர் படகில் மோட்டார் கிடையாது. அவருக்கும் ஏறத்தாழ ஒரு வாரம்தான் ஆனது.

பிறகு இன்ஜின் வந்தது. நேரம் என்னவோ குறையவில்லை.

டெடிங்டன் என்ற இடத்தோடு கடலின் ஏற்றவற்றம் தேம்ஸில் நின்றுவிடுகிறது. அங்கிருந்து லெக்லேடு வரை சுமார் 200 கிலோமீட்டர் தூரத்துக்கு மோட்டார் படகு போகலாம். வேக வரம்பு மணிக்கு 8 கிலோமீட்டர். வழியில் படகை ஏற்றி இறக்கும் 44 லாக்குகள். போதாக்குறைக்கு, படகோட்டியைக் கூரை மடக்க வைக்கும் தாழ்ந்த பாலங்கள். சுற்றுலா விளம்பரங்கள் இதை 'அவசரமில்லாத பயணம்' என்று விற்கின்றன. உண்மையில் இந்த நிதானத்தில் பயணியின் விருப்பத்துக்குப் பெரிய பங்கில்லை. ஒவ்வொரு தாமதத்துக்குப் பின்னாலும் நீரின் கணக்கு ஒன்று இருக்கிறது.

ஆற்றைப் படியாக்கிய கதை

லெக்லேடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 70 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்திலிருந்து தேம்ஸ் தன் போக்கில் இறங்கினால், மழைக்காலத்தில் வேகமாகவும் கோடையில் கணுக்கால் அளவாகவும் ஓடும். அப்படிப்பட்ட ஆற்றில் சரக்குப் படகு போக முடியாது. ஆழம் வேண்டுமென்றால் நீரைத் தேக்க வேண்டும். தேக்கத் தடுப்பணை வேண்டும்.

தேம்ஸில் தடுப்பணைகளை முதலில் கட்டியவர்கள் படகுக்காரர்கள் அல்ல. மாவு அரைக்கும் நீராலைக்காரர்களும் மீன்பிடிப்பவர்களும் அவற்றை இடைக்காலத்திலேயே கட்டிவிட்டார்கள். ஆலைக்காரருக்கு நீர் தேங்கி நிற்க வேண்டும்; படகுக்காரருக்கு வழி திறக்க வேண்டும். இருவருக்கும் நூற்றாண்டுக் கணக்கில் சண்டை. அணையின் ஒரு பகுதியைப் பலகைகளால் அடைத்து, படகு வரும்போது அவற்றைப் பிடுங்கிவிடுவது அன்றைய சமரசம். பலகை போனதும் நீர் பாய்ந்து இறங்கும். கீழே போகும் படகு அந்தப் பாய்ச்சலோடு சேர்ந்து வழுக்கிக்கொண்டு போகும். மேலே வரும் படகைக் கயிறு கட்டி, கரையில் நட்ட உருளையைச் சுழற்றி இழுப்பார்கள். அதற்குப் பிறகு ஆலைக்காரர் மீண்டும் நீர் தேங்கும் வரை காத்திருக்க வேண்டும். காத்திருப்புக்குக் கட்டணம் கேட்காமல் இருப்பாரா?

இந்த ஒற்றைக் கதவு முறைக்கு மாற்று சீனத்தில் முன்பே கிடைத்திருந்தது. 984-ஆம் ஆண்டில் சியாவ் வெய்யுவே என்ற அதிகாரி பெருங்கால்வாயில் ஓர் ஏற்பாட்டைச் செய்தார். அதுவரை தானியப் படகுகளைச் சறுக்குத் தளத்தில் ஏற்றி இழுத்து மறுபக்கம் இறக்குவார்கள். படகு உடையும்; குழப்பத்தில் தானியமும் களவு போகும். அவர் ஒரு மதகுக்குப் பதிலாகச் சற்றுத் தள்ளித் தள்ளி இரண்டு மதகுகள் வைத்தார். நடுவில் படகு நிற்க இடம் விட்டார். ஒரு மதகு திறந்திருக்கும்போது மற்றது மூடியிருக்கும். லாக்கின் அடிப்படை இவ்வளவுதான்.

தேம்ஸில் அத்தகைய லாக் முதலில் வந்தது 1630-களில். ஆக்ஸ்ஃபோர்டின் கட்டடக் கல்லை லண்டனுக்கு அனுப்பவும், நிலக்கரியை ஆக்ஸ்ஃபோர்டுக்குக் கொண்டுவரவும் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் ஒரு குழு அமைக்கப்பட்டது. அது இஃப்லி, சான்ட்ஃபோர்டு, ஸ்விஃப்ட் டிட்ச் என்ற மூன்று இடங்களில் லாக் கட்டியது. மற்ற இடங்களில் பழைய பலகை அணைகள் மெல்ல மெல்லத்தான் மறைந்தன. கெல்ம்ஸ்காட்டுக்கு அருகே இருந்த கடைசி ஒன்று 1930-கள் வரை தாக்குப்பிடித்தது. படகு போகும் வழி இல்லாவிட்டாலும், கையால் பலகை செருகி நீர்மட்டத்தைக் கட்டுப்படுத்தும் பழைய வகைத் தடுப்பணையை ரஷி லாக்கில் பார்க்கலாம்.

இன்றைய தேம்ஸ் சரிவாக இறங்கும் ஆறு அல்ல, படிக்கட்டு. ஒவ்வொரு படியும் கிட்டத்தட்டச் சமமட்டமான நீர்ப்பரப்பு. படியின் விளிம்பில் தடுப்பணை. அதன் பக்கத்தில் படகு ஏறி இறங்க லாக். சராசரியாக ஒரு படிக்கு ஒன்றரை மீட்டர் உயரம்.

மோட்டார் இல்லாத மின்தூக்கி

லாக்கின் உறுப்புகள் மிகக் குறைவு. கல்லாலோ கான்கிரீட்டாலோ கட்டிய நீண்ட தொட்டி. இரு முனையிலும் இரட்டைக் கதவு. கதவுகளிலோ சுவரிலோ நீர் நுழைய, வெளியேறச் சிறு மதகுகள்.

கீழிருந்து மேலே போகும் படகை எடுத்துக்கொள்வோம். தொட்டியின் நீர் கீழ்ப்பக்க ஆற்றின் மட்டத்தில் இருக்கிறது. கீழ்க்கதவு திறந்திருக்கிறது. படகு உள்ளே வருகிறது. கதவை மூடுகிறார்கள். பிறகு மேற்பக்கச் சிறு மதகைத் திறக்கிறார்கள். மேலே உள்ள நீர் தன் எடையாலேயே தொட்டிக்குள் இறங்குகிறது. தொட்டி நிரம்ப நிரம்பப் படகும் உயர்கிறது. மட்டம் சமமானதும் மேற்கதவைத் திறந்தால் படகு வெளியே போகலாம். கீழே இறங்க இதையே தலைகீழாகச் செய்ய வேண்டும். படகைத் தூக்கவோ நீரை ஏற்றவோ பம்பு கிடையாது. மேலிருந்து கீழே வரும் நீர், வழியில் ஒரு வேலையையும் செய்துவிட்டுப் போகிறது.

ஆக்ஸ்ஃபோர்டுக்கு வடக்கே காட்ஸ்டோ வரை கதவுகளை இயந்திரம் திறந்து மூடும். அதற்கு மேல் கிங்ஸ் லாக்கிலிருந்து எல்லாம் கை வேலைதான். ஒவ்வொரு கதவின் மேலும் நீண்ட மரத்தூலம் நீட்டிக்கொண்டிருக்கும். அதில் முதுகைச் சாய்த்து, காலைத் தரையில் ஊன்றித் தள்ள வேண்டும். முதல்முறை வருபவர்கள் மட்டம் சமமாகும் முன்பே தள்ளப் பார்ப்பார்கள். கதவு அசையாது. காரணம் எளிய கணக்கு. ஒரு கதவு இரண்டரை மீட்டர் அகலம், நீருக்குள் இரண்டு மீட்டர் ஆழம் என்று வைத்துக்கொள்வோம். இரு பக்கமும் பத்து சென்டிமீட்டர் மட்ட வித்தியாசம் மிச்சமிருந்தாலே, அந்தக் கதவை நீர் ஏறத்தாழ அரை டன் எடைக்குச் சமமான விசையோடு அழுத்தும். நாலு பேர் சேர்ந்தாலும் பயனில்லை. ஒரு நிமிடம் பொறுத்தால் ஒரு பிள்ளையே தள்ளிவிடும்.

அழுத்த அழுத்த இறுகும் கதவு

லாக்கின் அழகு அதன் கதவில் இருக்கிறது. இரண்டு கதவுகளும் ஒரே நேர்க்கோட்டில் மூடுவதில்லை. மேற்பக்க ஆற்றை நோக்கிக் கூர்முனை இருக்கும்படி, ஆங்கில 'வி' எழுத்துப் போலச் சந்திக்கின்றன. மேலிருந்து வரும் அழுத்தம் இரு கதவுகளின் விளிம்பையும் ஒன்றோடொன்று நெருக்குகிறது. அழுத்தம் கூடக் கூட இடுக்கு இறுகுகிறது. தாழ்ப்பாள் தேவையில்லை. பூட்டு, சாவி எதுவும் இல்லாமல் நீரே கதவைப் பூட்டுகிறது.

மேலிருந்து கீழே இறங்கும் பழைய வகை மதகுக்கதவை ஒவ்வொரு முறையும் முழு எடையோடு தூக்க வேண்டும். உயரமான பாய்மரம் அதன் சட்டத்தில் இடிக்கும். சாய்வாகச் சந்திக்கும் இரட்டைக் கதவு இந்த இரண்டு தொல்லைகளையும் ஒழித்தது. பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியில் மிலான் நகரக் கால்வாய்களில் பணியாற்றிய லியொனார்டோ டா வின்சியின் குறிப்பேட்டில் இந்தக் கதவின் வரைபடம் இருக்கிறது. இங்கிலாந்தில் 1577-ல் லீ ஆற்றின் வால்தம் லாக்கில் இத்தகைய கதவு வந்தது. 1914-ல் திறந்த பனாமா கால்வாயின் பெருங்கதவுகளும் இதே முறையில்தான் சந்திக்கின்றன.

இந்தக் கதவுக்கு ஒரு குறை உண்டு. கூர்முனை எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்க நீரை மட்டுமே அது தடுக்கும். கடலின் ஏற்றவற்றத்தால் உயரமான பக்கம் மாறிக்கொண்டே இருக்கும் இடத்தில், எதிரெதிராகப் பார்க்கும் இரண்டு ஜோடிக் கதவுகள் வேண்டும், அல்லது வேறு வகைக் கதவு வேண்டும். ஆற்றுக்கும் கடலுக்கும் நடுவே நீர்வழி அமைத்தவர்கள் எல்லாரும் சந்தித்த சிக்கல் இது. ஆந்திரத்தையும் சென்னையையும் இணைத்த நம் பக்கிங்காம் கால்வாயிலும் லாக்குகள் கட்டப்பட்டன. உப்பும் விறகும் ஏற்றிய படகுகள் அவற்றின் வழியாகப் போய்வந்தன. கேரளத்தின் வேம்பநாட்டு ஏரியில் உப்புநீரைத் தடுக்கும் தண்ணீர்முக்கம் அணையிலும் படகு கடக்க லாக் இருக்கிறது.

தொட்டிக்குள் நிற்கும் முறை

லாக்குக்குள் நுழைந்ததும் இன்ஜினை அணைக்க வேண்டும் என்பது தேம்ஸின் விதி. வானொலியையும் அணைக்க வேண்டும். மேலே கதவருகே இருப்பவர் சொல்வது கீழே படகில் இருப்பவருக்குக் கேட்க வேண்டுமல்லவா? படகின் முன்பக்கம் ஒரு கயிறு, பின்பக்கம் ஒரு கயிறு. இரண்டையும் கரையில் உள்ள இரும்புத் தறியில் ஒரு சுற்றுச் சுற்றி, நுனியைக் கையில் பிடித்துக்கொள்ள வேண்டும். முடிச்சுப் போடக் கூடாது. நீர் இறங்கும்போது கயிறு முடிச்சாக இருந்தால் படகு சுவரில் தொங்கிவிடும். ஏறும்போது கயிறு தளர்ந்துகொண்டே போகும். இழுத்துப் பிடிக்காவிட்டால் உள்ளே பாயும் நீர் படகை அங்குமிங்கும் அலைக்கழிக்கும்.

கீழே இறங்கும்போது இன்னொரு ஆபத்தும் உண்டு. மேற்கதவுக்கு அடியில் கல்லால் ஆன ஒரு திட்டு தொட்டிக்குள் நீட்டிக்கொண்டிருக்கும். நீர் நிறைந்திருக்கும்போது அது கண்ணில் படாது. படகின் பின்பக்கம் அதன்மேல் நின்றுவிட்டால், நீர் வடிய வடிய பின்பக்கம் திட்டில் மாட்டிக்கொள்ள, முன்பக்கம் மட்டும் இறங்கும். சில நிமிடங்களில் படகு கவிழ்ந்துவிடலாம். திட்டு எதுவரை நீள்கிறது என்பதைச் சுவரில் கோடு போட்டுக் காட்டியிருப்பார்கள். கோட்டுக்கு முன்னால் தள்ளி நிற்க வேண்டும்.

லாக்குக்குப் பக்கத்தில் ஓடும் தடுப்பணை இதைவிட ஆபத்தானது. விழும் நீர் கீழே சுழன்று, விழுந்தவரைத் திரும்பத் திரும்ப அடியில் இழுக்கும். சான்ட்ஃபோர்டு லாக்கின் அணைக்கட்டருகே ஒரு கல்தூண் நிற்கிறது. அங்கே வெவ்வேறு காலங்களில் மூழ்கி இறந்த ஆக்ஸ்ஃபோர்டு கிரைஸ்ட் சர்ச் கல்லூரி மாணவர்கள் ஐவரின் நினைவாக எழுப்பியது. பீட்டர் பான் கதையை எழுதிய ஜே. எம். பாரியின் வளர்ப்பு மகன் மைக்கேல் லுவெலின் டேவிஸ் அவர்களில் ஒருவர், 1921-ல் இறந்தார்.

குனிந்து போகும் பாலங்கள்

லாக் பொறுமையைச் சோதிக்கும். ஆனால் கடைசியில் எல்லாரையும் விட்டுவிடும். பாலம் அப்படியல்ல. உங்கள் படகு உயரம் என்றால் உயரம்தான்.

ஆக்ஸ்ஃபோர்டின் ஆஸ்னி பாலம் இந்த ஆற்றின் மிகப் பெரிய வடிகட்டி. நீர்மட்டத்துக்கும் பாலத்தின் அடிப்பகுதிக்கும் இடைவெளி சுமார் 2.3 மீட்டர்தான். அங்கே இருந்த பழைய பாலம் 1885-ல் இடிந்தது. அதற்குப் பதிலாக வந்த இரும்புப் பாலம் நகரத் தெருவின் மட்டத்தை ஒட்டியே அமைந்தது. மாடி வைத்த பெரிய சொகுசுப் படகுகள் இங்கேயே திரும்பிவிடும். இதைத் தாண்டி லெக்லேடு வரை உள்ள சுமார் 50 கிலோமீட்டரில் நெரிசல் குறைவாக இருப்பதற்கு இந்தப் பாலமும் ஒரு காரணம்.

பாலத்தை அணுகும்போது மேற்கூரைத் துணியை மடக்க வேண்டும். சில படகுகளில் காற்றுத்தடுப்புக் கண்ணாடியையும் சாய்க்க வேண்டும். வளைவுப் பாலம் என்றால் இன்னும் கவனம் தேவை. வளைவின் நடுவில் எவ்வளவு உயரம் என்று பார்ப்பது போதாது. படகுக் கூரையின் இரண்டு மூலைகளும் வளைவு தாழும் இடத்தில்தான் இடிக்கும். அதனால் படகைச் சரியாக நடுவில் செலுத்த வேண்டும்.

இடைவெளி சற்றுக் குறைவாக இருந்தால் ஆட்களை ஏற்றிப் படகைத் தாழ்த்தலாமே என்று தோன்றும். ஒன்பது மீட்டர் நீளம், மூன்று மீட்டர் அகலம் உள்ள படகு நீரின் மேற்பரப்பில் ஏறத்தாழ 20 சதுர மீட்டரை அடைத்துக்கொள்ளும். ஐந்து பேர் ஏறினால் 350 கிலோ. அந்த எடைக்குப் படகு இறங்குவது இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவு. அதே நேரம், ஓரிரவு நல்ல மழை பெய்தால் ஆறு அதைவிடப் பலமடங்கு ஏறிவிடும். ஏறிய ஒவ்வொரு சென்டிமீட்டரும் பாலத்தின் அடியில் குறையும்.

ஆஸ்னிக்கு மேலே வரும் பாலங்கள் பெரும்பாலும் வண்டி போகக் கட்டியவை. ஸ்வின்ஃபோர்டு பாலம் 1767-ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவானது. மேலே போகும் கார்களிடம் நெடுங்காலமாக 5 பென்ஸ் சுங்கம் வாங்குகிறார்கள். அந்த வருமானத்துக்கு வரி கிடையாது. அடியில் போகும் படகுக்குக் காசு கேட்பதில்லை. நியூபிரிட்ஜ் என்பது பெயருக்குத்தான் புதிய பாலம். இடைக்காலக் கட்டடம் அது. ராட்காட் பாலம் அதைவிடப் பழையது என்பார்கள். 1387-ல் அங்கே ஒரு போரே நடந்தது. தேம்ஸையும் செவர்ன் ஆற்றையும் இணைக்கும் கால்வாய் 1789-ல் திறக்கவிருந்ததால், அதற்கு முன்பாக ராட்காட்டில் புது வாய்க்கால் வெட்டி, அதன்மேல் தனியே ஒற்றை வளைவுப் பாலம் கட்டினார்கள். இன்றும் படகுகள் அதன் வழியாகத்தான் போகின்றன. கடைசியில் வருவது லெக்லேடின் அரைப்பென்னிப் பாலம். 1792-ல் கட்டியது. நடந்து போகிறவர்களிடம் வாங்கிய சுங்கமே அதன் பெயராயிற்று.

பாலம் கட்டுபவருக்கும் படகோட்டிக்கும் இடையிலான இழுபறி பொறியியலுக்கு நன்மையும் செய்திருக்கிறது. லண்டனிலிருந்து மேற்கே இருப்புப்பாதை போட்ட இசம்பார்டு கிங்டம் புருனெல், மெய்டன்ஹெட்டில் தேம்ஸைக் கடக்க வேண்டியிருந்தது. ரயிலுக்குச் செங்குத்தான ஏற்றம் ஆகாது. அதனால் பாலம் உயரக் கூடாது. படகுக்கு வழி அடைபடக் கூடாது. அதனால் வளைவு தாழக் கூடாது, ஆற்றின் நடுவே தூண்களும் அதிகம் நிற்கக் கூடாது. செங்கல்லால் ஒவ்வொன்றும் 39 மீட்டர் அகலம் உள்ள இரண்டு தட்டையான வளைவுகளைக் கட்டினார் அவர். இவ்வளவு தட்டையான வளைவு இடிந்துவிடும் என்றார்கள். 1839-ல் ரயில் ஓடத் தொடங்கியது, இன்றும் ஓடுகிறது. ஓவியர் டர்னர் 1844-ல் காட்சிக்கு வைத்த 'மழை, நீராவி, வேகம்' படத்தில் இருப்பது இந்தப் பாலம்தான்.

வேகம் ஏன் எட்டு?

படகுக்குப் பிரேக் கிடையாது. நிறுத்த வேண்டுமென்றால் விசிறியைப் பின்னோக்கிச் சுழற்ற வேண்டும். சுக்கானுக்குப் பிடிப்பும் எளிதில் கிடைக்காது. சுற்றியுள்ள நீரைவிடப் படகு வேகமாகப் போனால்தான் அது திரும்பும். நீரோட்டத்தோடு கீழே வரும் படகை நிறுத்துவது இன்னும் கடினம். அதனால்தான் குறுகிய பாலத்தில் எதிர்த்து ஏறும் படகு ஒதுங்கி வழிவிட வேண்டும். ஆற்றில் வலப்பக்கமாகச் செல்வது விதி. சாலையில் இடப்பக்கம் பழகிய ஆங்கிலேயருக்கும் நமக்கும் முதல் நாள் இது குழப்பம் தரும்.

வேகம் கூடினால் படகின் பின்னால் எழும் அலை பெரிதாகும். அது கரையை அரிக்கும். நாணல் ஓரத்துப் பறவைக் கூடுகளைக் கலைத்துவிடும். கரையில் கட்டிய படகுகளை மோதவிடும். அலை எழும்பினால் வேகம் அதிகம் என்று புரிந்துகொள்ள வேண்டும். மழைக்குப் பிறகு லாக்குகளில் எச்சரிக்கைப் பலகைகள் வைப்பார்கள். மஞ்சள் வந்தால் நீரோட்டம் கூடுகிறது அல்லது குறைகிறது என்று பொருள். சிவப்பு வந்தால் படகைக் கட்டிவிட்டுக் காத்திருப்பதே உத்தமம்.

ஒரு படிக்கு எத்தனை லிட்டர்?

மேல் தேம்ஸின் லாக்குகள் பெரும்பாலும் முப்பது மீட்டருக்குச் சற்று மேல் நீளமும் நாலரை மீட்டர் அகலமும் கொண்டவை. ஒரு மீட்டர் ஏற்றம் என்றால், தொட்டி ஒருமுறை நிரம்ப ஒன்றரை லட்சம் லிட்டர் வேண்டும். உள்ளே நிற்பது ஒரு படகா, நான்கு படகா என்பது அந்தக் கணக்கைப் பெரிதாக மாற்றாது. ஏறும் படகு தன் எடைக்குச் சமமான நீரைக் கூடுதலாக மேலிருந்து கீழே வரவைக்கும். இறங்கும் படகு அதே அளவை மிச்சப்படுத்தும். எட்டு டன் படகுக்கு அது எட்டாயிரம் லிட்டர்தான்.

ஆறு நிறைந்து ஓடும்போது இதில் இழப்பில்லை. எப்படியும் அணையின் மேல் வழிந்து போகும் நீர்தான். வறட்சியில் அப்படி இல்லை. 2022 கோடையில் தேம்ஸின் ஊற்றுக்கண் காய்ந்து, ஆறு பல கிலோமீட்டர் கீழேதான் ஓடத் தொடங்கியது. பனாமாவில் ஒரு கப்பல் கடக்க ஏறத்தாழ 20 கோடி லிட்டர் நன்னீர் கடலுக்குப் போகிறது. 2023-ல் அங்கே மழை பொய்த்ததால் நாள்தோறும் கடக்கும் கப்பல்களின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டியிருந்தது. உலக வணிகமே காத்திருந்தது.

ஏறும் படகுக்கும் இறங்கும் படகுக்கும் மாறி மாறி வழிவிட்டால், ஒரே தொட்டி நீரில் இரண்டும் கடக்கலாம். பல படகுகளைச் சேர்த்து உள்ளே விட்டால் இன்னும் மிச்சம். ஆகவே வறண்ட கோடையில் லாக் காவலர் கதவை மூடாமல், வளைவில் இன்னொரு படகு தெரிகிறது, அதுவும் வரட்டும் என்று சொன்னால் அது வெறும் உபசாரம் அல்ல. அந்தப் பத்து நிமிடத்தில் அவர் சேமிப்பது ஒன்றரை லட்சம் லிட்டர்.